வெள்ளத்து விலை

“உன்ற இஷ்டம் சாமி.”

இந்த மூன்று சொல்லைக் கேட்டாலே அந்தக் காலத்தில் நான் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவேன். ஆற்றில் தண்ணீர் ஏறுகிறதே, இருக்கலாமா கிளம்பலாமா என்று கேட்டிருப்பேன். இருக்கிற தறி போதுமா, இன்னும் இரண்டு போடலாமா என்று கேட்டிருப்பேன். மகளுக்குக் காய்ச்சல், பவானிக்குக் கூட்டிப்போவதா ஈரோட்டுக்கா என்றுகூடக் கேட்டிருக்கிறேன். கையில் சுற்றிக்கொண்டிருக்கும் செம்புக்கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் அக்கா சொல்லும் பதில் இது ஒன்றுதான்.

நான் பயந்த பிறவி. ஏழாம் வகுப்புப் பாதியில் பையை வைத்துவிட்டுத் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்ற வந்தவன். படித்தவர்கள் தாங்களாகவே யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். எனக்கு யாராவது சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் செய்துவிடுவேன். ஊரில் சொல்வதற்கு ஆளா இல்லை? கேட்காமலே சொல்கிறவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். ஆனால் எனக்கு எவர் சொன்னால் மனது அடங்குமோ அவர் மட்டும் சொல்ல மாட்டார்.

குமாரபாளையத்தில் ஆற்றை ஒட்டிய எங்கள் தெருவில் அந்த அக்காவுக்குக் காயில்காரக்கா என்று பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். தறி மோட்டார் எரிந்துபோனால் உள்ளே காயிலாகச் சுற்றியிருக்கும் கருகிய கம்பியை உருவிப்போட்டுப் புதுக்கம்பி கட்டித் தருவதுதான் அவர் தொழில். கீழே கடை, மேலே வீடு. ஐம்பதைத் தாண்டிய உடம்பு, பருமன். கழுத்தில் கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. முழங்கை வரை வார்னிஷ் நாற்றம். ரேடியோ ஒன்று நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும். அதில் செய்தி வந்தால் மட்டும் சத்தத்தைக் குறைத்துவிடுவார். பாட்டு வந்தால் ஏற்றுவார். “பாட்டுக்காரன் நம்மள எதையும் செய்யச் சொல்றதில்ல பாரு” என்பார்.

புருஷன் நடத்திய கடை. அவர் என்ன ஆனார் என்று நான் கேட்டதில்லை. ஒருமுறை யாரோ கேட்டதற்கு, “போகோணும்னாரு, போயிட்டாரு. புடிச்சு வெக்கறதுக்கு அவரென்ன மாடா?” என்றார். அதற்குமேல் கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அவருடைய குணத்தை ஒரே வரியில் சொல்வதென்றால் இப்படித்தான் சொல்லவேண்டும்: அவர் யாரையும் எதையும் செய் என்று சொல்ல மாட்டார், அவரை யாரும் எதையும் செய் என்று சொல்லவும் விட மாட்டார். அரசாங்கமே ஆனாலும் சரி, ஆறே ஆனாலும் சரி.

தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டால் நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுப்போம். அவர் போட மாட்டார். இரண்டு ஆளை வைத்துத் தன் கடை முகப்பு மட்டும் தூர் வாரிக்கொள்வார். பக்கத்து வீட்டு எல்லை வந்ததும் மண்வெட்டி நின்றுவிடும். “அக்கா, இன்னம் நாலு அடிதானுங்க, அப்படியே இழுத்து உட்டா தெருவே ஓடிரும்” என்று ஒருதரம் சொன்னேன்.

“அது அவரு ஊட்டு மொன சாமி. அவரு வேண்டாம்னா?”

“சாக்கடைய அள்ளறத வேண்டாம்னு எவனுங்கக்கா சொல்லுவான்?”

“கேட்டயா நீ?”

போய்க் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர், “மனுக் குடுத்திருக்குதில்ல, அவங்க வந்து அள்ளட்டும். நாம அள்ளீட்டா அப்பறம் எப்பவுமே வர மாட்டாங்க” என்றார். திரும்பி வந்து சொன்னேன். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது.

இலவசமாக வந்த மிக்ஸியையும் கிரைண்டரையும் அவர் வாங்கவில்லை. தெருவில் மற்ற எல்லோரும் வாங்கினோம். ஆறுமாதம் கழித்து ஒவ்வொன்றாகப் புகைந்தபோது எல்லாம் அவர் கடைக்குத்தான் வந்தன. கடை வாசலில் மிக்ஸிகள் வரிசை கட்டி நின்றதைப் பார்த்து, “ஏனுங்கக்கா, வேண்டாம் வேண்டாம்னீங்க, இப்ப உங்க பொழப்பே அதுலதான் ஓடுது” என்றேன்.

“நான் எப்பச் சாமி குடுக்க வேண்டாம்னேன்? எனக்கு வேண்டாம்னுதான் சொன்னேன். நல்லாக் குடுக்கட்டும். என்ற பேத்தி கல்யாணம் வரைக்கும் குடுக்கட்டும்.”

அவருக்குப் பேத்தியே கிடையாது.

மேட்டூர் நிறைந்து உபரித் தண்ணீரைத் திறந்துவிட்டால் முதலில் நனைவது எங்கள் தெரு. எங்கள் பக்கம் அது புதிதல்ல. தண்ணீர் தெருமுனைக்கு வரும், இரண்டு நாள் பார்க்கும், போய்விடும். ஆனால் ஒரு வருஷம் புரட்டாசிக்கு முன்பு வந்தது அப்படி வந்து பார்த்துவிட்டுப் போகிற தண்ணீர் இல்லை. காலையிலிருந்தே ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் போய்விடுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். எனக்கு அந்தச் சத்தம் கேட்டதும் பாதி உயிர் திரும்பியது. யாரோ சொல்கிறார்கள் அல்லவா.

ஆனால் கிளம்புவதற்கு முன்னால் தறிக்காரன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எங்களிடம் இருக்கும் தறி எங்களுடையது, மோட்டார் எங்களுடையது. அதில் ஏற்றியிருக்கும் பாவு நூல் முதலாளியுடையது. நாங்கள் கூலிக்கு நெய்கிறவர்கள். அடுத்தவர் நம்பிக் கொடுத்த நூல் நனைந்தால் அவர் முகத்தில் விழிக்க முடியாது. ஆகவே தெருவில் அத்தனை பேரும் என்ன செய்தோம்? பாவு நூலை அறுத்து, அது சுற்றிய உருளையோடு தோளில் தூக்கி, மாடி வைத்திருப்பவர் மாடியில் கொண்டுபோய் அடுக்கினோம். என் நான்கு பாவும் ஏறி முடிந்தபோது தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. மோட்டாரைக் கழற்ற ஸ்பேனர் எடுத்தேன். போல்ட்டு தண்ணீருக்கு அடியில் இருந்தது.

அக்கா தன் வீட்டு மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மாடியிலும் எங்கள் பாவுகள் அடுக்கியிருந்தன. வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்திருந்தார்.

“ஏஞ்சாமி, அடுத்தவன் நூலைக் காப்பாத்திப்போட்டு உன்ற மோட்டாரை மீனுக்குப் போட்டுட்டயா?”

“முன்னாலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்லங்கக்கா” என்றேன். ஸ்பேனர் இன்னும் கையில்தான் இருந்தது.

“உன்ற மோட்டார் சாமி.”

தீயணைப்புக்காரர்கள் படகோடு வந்தார்கள். என் அம்மாவுக்கு அப்போது இடுப்பு எழவில்லை, கட்டிலோடு கட்டிலாக இருந்தார். கட்டிலின் சட்டத்தைத் தண்ணீர் தொட்டுவிட்டது. இரண்டு பையன்கள் உள்ளே வந்து, போர்வையோடு சேர்த்துப் பூப்போலத் தூக்கிப் படகில் கிடத்தினார்கள். அந்தப் படகு வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதே இல்லை. யோசித்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

படகு அக்கா வீட்டின் கீழே நின்றது. “ஏம்மா, இறங்குங்க. எல்லாரையும் வெளியேத்தச் சொல்லி உத்தரவு.”

“உத்தரவு உங்களுக்குத்தானுங்க கண்ணு. எனக்கில்லையே.”

“வேணும்னா தூக்கிட்டுப் போவோமுங்க.”

“என்ற எடைக்குப் படகு கவுந்துரும். அந்தக் கெழவியம்மாளை மொதல்ல கொண்டுபோய் எறக்கு சாமி. நான் மாடீல இருக்கறேன், அரிசி இருக்குது, அடுப்பு இருக்குது. செத்தா என்ற கணக்கு.”

அந்தப் பையன் கீழே பார்த்துச் சிரித்துவிட்டுத் துடுப்பைப் போட்டான். மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்து நாங்கள் மண்டபத்திலிருந்து திரும்பியபோது அக்கா மாடியில்தான் இருந்தார். எங்கள் பாவு ஒன்றுகூட நனையவில்லை. அம்மாவைப் பற்றித்தான் முதலில் கேட்டார். நல்லாயிருக்கிறாங்க என்றதும், “படகு நல்ல படகுதான் சாமி” என்றார். அரசாங்கத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே நல்ல வார்த்தை அது.

“அக்கா, அணையைக் கட்டுனதே கவர்மென்ட்தானுங்க. அது இல்லாட்டி வருசா வருசம் இப்படித்தான் அடிச்சுட்டுப் போயிருக்கும்” என்று, அவர் இறங்கி வந்த தெம்பில் இன்னொன்றையும் சொல்லிப் பார்த்தேன்.

“நான் எங்க இல்லீங்கறேன்? கட்டுனதும் அவங்க, தெறந்து உட்டதும் அவங்க, பொறவு போர்வை குடுக்கறதும் அவங்க. ஒரு கல்யாணத்துல மாப்பளையும் ஒருத்தன், அய்யரும் ஒருத்தன், சமையக்காரனும் அவனேன்னா சோறு எப்படி வேகும்?”

வடிந்த தண்ணீர் வீட்டுக்குள் ஒரு முழம் சேற்றை விட்டுவிட்டுப் போயிருந்தது. தெருவில் இருந்த அத்தனை மோட்டாரும் சேற்றில் ஊறியிருந்தன. தீபாவளி வியாபாரத்துக்கு நாங்கள் நெய்யும் லுங்கி போகவேண்டும். முதலாளி ஆள் அனுப்பிவிட்டார்: பத்து நாளில் தறி ஓடினால் பாவு இருக்கட்டும், இல்லாவிட்டால் எடுத்து வெப்படைப் பக்கத்துத் தறிக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்று. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நூலைக் காப்பாற்றியதற்கு நல்ல வார்த்தை சொல்லி, கூடவே இதையும் சொல்லி அனுப்பியிருந்தார். பாவு போனால் தீபாவளி போனது. எனக்கு அப்போது அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. சேற்றை வழிக்கும்போதுகூட, பத்து நாள் என்றால் ஞாயிற்றுக்கிழமையைச் சேர்த்தா சேர்க்காமலா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மோட்டாரைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் அக்கா கடைக்கு ஓடினோம். ஷட்டரில் சாக்குக்கட்டியால் எழுதியிருந்தது. காயில் கட்டும் கூலி, வழக்கமானதைப்போல இரண்டு பங்கு.

தெரு கொதித்தது. “எழவு ஊட்டுல பந்தி வெச்சுக் காசு பாக்கறாளா?” என்று ஒருவர் அவர் காதுபடவே கேட்டார். என் மனைவி வீட்டுக்குள் வந்து, “இந்தப் பொம்பளைக்கு ஈரமே இல்லீங்களா?” என்றாள். நான் போய் நின்றேன்.

“என்ன சாமி, திட்டறதுக்கு வந்தயா, கட்டறதுக்கு வந்தயா?”

“நீங்களே இப்படிப் பண்ணலாமுங்களாக்கா? நம்ம தெருவுங்க.”

“நான் ஒருத்தி உக்காந்தா ஒரு நாளைக்கு எத்தனை கட்டுவேன்? நீயே பாத்திருக்கற. வெளியூர்ல இருந்து ஆளு கொண்டாறேன். அவன் அவன் ஊர்ல வேலையை உட்டுப்போட்டு இந்தச் சேத்துல வந்து படுக்கோணும். பழைய கூலிக்கு வருவானா? கம்பிக்காரனும் சும்மா குடுக்கறானா?” கையிலிருந்த கம்பியை வெட்டினார். “வேண்டாம்னா பரவாயில்ல. உன்ற இஷ்டம் சாமி.”

மறுநாளே வாழப்பாடிப் பக்கமிருந்து நான்கு பேர் வந்து இறங்கினார்கள். கடைக்குள் இடமில்லாமல் தெருவில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்தார்கள். மோட்டார்களைக் கழுவி, தகர டிரம்முக்குள் குண்டு பல்பு போட்டு உலர்த்தி, வார்னிஷ் ஊற்றி, வரிசையாக வேலை நடந்தது. உலர்த்தினாலே ஓடக்கூடிய மோட்டார் என்றால், “இதுக்குக் காயில் வேண்டாம், எடுத்துட்டுப் போ” என்று அக்கா திருப்பிக் கொடுத்துவிடுவார். சாப்பாடு அவரே ஆக்கிப் போட்டார். கட்டிய மோட்டார் எவருடையது என்று தெரிய அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. அந்தந்தத் தறியின் பாவிலிருந்தே இரண்டு இழை கொண்டுவரச் சொல்லி, முறுக்கி, மோட்டாரின் காலில் கட்டிவிடுவார். ஊதா, சிவப்பு, பச்சை என்று கடை வாசலில் மோட்டார்கள் காப்புக் கட்டிய பிள்ளைகளைப்போல உட்கார்ந்திருக்கும்.

முக்கு வீட்டுப் பாய் வந்தார். அவருக்குத் தறி இரண்டே இரண்டு. விலையைப் படித்துவிட்டு மோட்டாரைத் திரும்பத் தூக்கப் போனார்.

“வெச்சுட்டுப் போங்க பாய்.”

“இப்பக் கையில ஒண்ணும் இல்லம்மா. முகாமுல பாத்துக்கறேன்.”

“நான் கேட்டனா? என்ற கடை, என்ற இஷ்டம். இழை கொண்டாங்க.”

பாயின் மோட்டார்தான் தெருவில் முதலில் ஓடியது. அதற்கும் திட்டினார்கள்: பாய்க்குச் சும்மா, எங்களுக்கு இரட்டையா என்று. அக்கா ரேடியோவை ஏற்றிவிட்டார்.

பாய் சொன்ன முகாம் பள்ளிக்கூடத்து மைதானத்தில் போட்டிருந்தார்கள். வெள்ளத்தில் நனைந்த மோட்டார்களை இலவசமாகச் சரிசெய்து தருவதாக ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போனார்கள். என் கலக்கம் இரண்டு மடங்காயிற்று. இங்கே கொடுத்தால் பணம். அங்கே கொடுத்தால் எப்போது வருமோ. அங்கே கொடுக்காமல் இருந்தால், கிடைத்ததை வேண்டாமென்றவன் என்று அடுத்த நிவாரணத்தில் பெயரை அடித்துவிட்டால்? எல்லாம் யோசித்து, பயந்தவன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். இரண்டு மோட்டாரை அக்காவிடம் கொடுத்தேன், இரண்டை முகாமில் கொடுத்தேன்.

அக்காவிடம் கொடுத்த இரண்டும் ஊதா இழை கட்டிக்கொண்டு நாலாம் நாள் வந்துவிட்டன. மாட்டி, பெல்ட்டைப் போட்டு, சுவிட்சைத் தட்டினேன். தறி ‘டடக் டடக்’ என்றபோது, கட்டிலில் படுத்திருந்த அம்மா, “ஓடுதுடா” என்றார். அன்றைக்குத்தான் அம்மா வயிறாரச் சாப்பிட்டார்.

அதற்குள் யாரோ புகார் எழுதிப்போட்டுவிட்டார்கள். ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான், செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைக்குள் வந்தார். பேரிடர் நேரத்தில் கூடுதல் விலை வாங்கக்கூடாது அம்மா, வாங்கினால் கடைக்குச் சீல் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். தெரு முழுக்கக் கூடி நின்றது. இரைந்து சண்டை போடப்போகிறார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம்.

அக்கா எழுந்துபோய், ஈரத்துணியால் ஷட்டரில் இருந்ததைத் துடைத்தார். பழைய கூலியை எழுதினார். பிறகு வாழப்பாடிக்காரர்களைக் கூப்பிட்டு, அதுவரை செய்ததற்குப் பேசிய கூலியைக் கொடுத்து, பஸ்ஸுக்கு நேரம் பார்த்து அனுப்பிவைத்தார். தார்ப்பாயை மடித்தார். உள்ளே வந்து தனியாக உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கம்பியைச் சுற்ற ஆரம்பித்தார்.

“என்னம்மா, ஆளுங்களை ஏன் அனுப்பிட்டீங்க?” என்றார் அதிகாரி.

“பழைய வெலைக்குப் பழைய ஆளுதானுங்க. நான் ஒருத்திதான்.”

அதிகாரி மிச்சமிருந்த மோட்டார் வரிசையை எட்டிப் பார்த்தார். அது கடை வாசலைத் தாண்டித் தெருவுக்குள் போயிருந்தது. அவருக்கும் மேலே இருந்து சொன்னதுதானே? போய்விட்டார்.

அடுத்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் தறிச் சத்தத்தைவிட மனிதச் சத்தம்தான் அதிகம். எழவு வீடு என்று பேசிய அதே ஆள், “ரெட்டையாவே வாங்கிக்கக்கா, யாருக்கும் சொல்ல மாட்டேன்” என்று வந்து நின்றார். “சீல் வெச்சா நீயா வந்து தொறப்ப?” என்று அக்கா அவரைத் திருப்பி அனுப்பினார். வரிசையை யாருக்காகவும் மாற்றவில்லை. விரல் நுனியெல்லாம் வெடித்து, அதில் துணி சுற்றிக்கொண்டு கட்டினார்.

முகாமுக்குக் கொடுத்த என் இரண்டு மோட்டாரும் ஒருவழியாக வந்தன. ஆனால் அவை என்னுடையவை இல்லை. பெயர் எழுதி ஒட்டிய காகிதமெல்லாம் இடையில் பெய்த மழையில் உரிந்துபோய், எல்லாம் ஒரே பச்சைப் பெயிண்டில் ஒரே குவியலாகக் கிடந்தன. எண்ணிக்கை சரியாக இருக்கிறதல்லவா, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒன்று உறுமிக்கொண்டே நின்றது, சுற்றவில்லை. இன்னொன்று வேறு ஏதோ மிஷின் மோட்டார். சுற்றிய வேகத்தில், நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடாக்கட்டை தறியை விட்டுத் தெறித்துச் சுவரில் போய்க் குத்தியது. என் மனைவி அந்தச் சுவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்தாள்.

இரண்டையும் தூக்கிக்கொண்டு அக்காவிடம் போனேன். வரிசையின் கடைசியைக் காட்டினார். முதலாளி சொன்ன நாளுக்குள் அந்தக் கடைசி வராது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது.

“நீங்க அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாலையும் உங்ககிட்டத்தானுங்க குடுத்திருப்பேன். நாலும் ஓடியிருக்கும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அபூர்வமாகத்தான் கம்பியைக் கீழே வைத்துவிட்டுப் பேசுவார்.

“சொல்லியிருந்தா செஞ்சிருப்ப. கெட்டுப்போனா என்னையத் திட்டுவ. நல்லாப் போச்சுன்னா நாளைக்கும் வந்து கேப்ப. அப்பறம் நீ எதுக்குச் சாமி இருக்கற? நானே உனக்கும் சேத்து இருந்துக்கலாமே.”

நான் இரண்டு மோட்டாரையும் வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு வந்தேன். சொன்ன நாளில் முதலாளி ஆள் வந்து இரண்டு பாவை எடுத்துக்கொண்டு போனான். மிச்சம் இரண்டு இருந்தது. இரண்டு தறியில் தீபாவளி வந்தது, சின்னதாக.

தெருவின் கடைசியில் ஒரு சின்ன வயதுப் புருஷன் பெண்டாட்டி வாடகைத் தறி ஓட்டினார்கள். அவர்களுடைய மோட்டார்களும் வரிசையின் கடைசியில்தான் இருந்தன. அவர்களுக்கு இருந்த பாவு எல்லாமே போய்விட்டது. தறியை உரிமையாளரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு டெம்போவில் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு திருப்பூருக்குப் போனார்கள். டெம்போ கடையைக் கடந்தபோது அந்தப் பெண் அக்காவைப் பார்த்துத் தலையாட்டினாள். அக்கா எழுந்து வாசலுக்கு வந்து, அது பாலத்தில் ஏறி மறைகிறவரைக்கும் நின்றார். அன்றைக்கு முழுக்க ரேடியோ பாடவில்லை. விலையை ஏற்றியதால் அவர்கள் போனார்களா, இறக்கியதால் போனார்களா? நான் பலவாறு கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் ஒரு விடை வரும், மறுநாள் வேறொன்று வரும். அக்காவிடம் கேட்கவில்லை. அவருக்கும் ஒரே விடை இருந்திருக்கும் என்று அன்றைக்கு அவர் நின்ற நிற்பைப் பார்த்தவன் சொல்ல மாட்டான்.

அதற்கு அடுத்த வருஷமும் தண்ணீர் வந்தது. பிறகு எங்கள் தெரு ஆற்றுப் புறம்போக்கு, இனி இங்கே யாரும் இருக்கக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஊருக்கு வெளியே மேட்டில் அடுக்கு வீடு கட்டித் தருகிறோம் என்றார்கள். கட்டியும் தந்தார்கள், பொய் சொல்லக்கூடாது. தண்ணீர் வராத வீடு, ஈர ஓதம் ஏறாத சுவர். தறி போட இடமில்லை. தறியைப் பட்டறை ஒன்றில் வாடகைக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா கையெழுத்துப் போடவில்லை. “குடுக்கறவன் ஊட்டுல இருந்தா குடுத்தவன் சொல்றபடிக்கு இருக்கோணும். நான் ஆத்துக்கே அடங்காதவ” என்றார். தெருவில் ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்தது. நான் மட்டும் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தேன். அம்மாவை நினைத்தால் போகவேண்டும். அக்கா கடையைப் பார்த்தால் கால் நகரவில்லை. கடைசியில் ஒருநாள் சாயங்காலம் போய் உட்கார்ந்தேன்.

“நான் போகட்டுமாங்கக்கா?”

அவர் என்ன சொல்வார் என்று தெரிந்தே கேட்டேன். ஆனாலும், ஒரே ஒருதரம், போகாத சாமி என்று சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது. சொல்லியிருந்தால் இருந்திருப்பேனா? இருந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் ரொம்பநேரம் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். சுற்று தவறி, அவிழ்த்து மறுபடி சுற்றினார். அவருக்குச் சுற்று தவறி நான் பார்த்ததில்லை.

“அம்மாளுக்கு மேடு ஏறறதுக்கு ஆகுமா?” என்றார்.

“தூக்கித்தானுங்க ஏத்தோணும்.”

“ம்.” அவ்வளவுதான்.

“நீங்களும் வந்துருங்கக்கா. எங்க ஊட்டுக்குப் பக்கத்துலயே ஒண்ணு காலியா இருக்குதுங்க.”

“அட போ சாமி.”

நாங்கள் சாமான் ஏற்றிய அன்று, வாடகை டெம்போ வருவதற்கு முன்பே அவர் கடைக்கு மோட்டார் ஏற்றிவரும் டெம்போ வந்து எங்கள் வாசலில் நின்றது. நாங்கள் கேட்கவில்லை. அம்மா படுக்க அதில் மெத்தை விரித்திருந்தது. அவர் கட்டிய ஊதா இழை மோட்டார் இரண்டையும் அவரே சாக்கில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். வண்டி கிளம்பும்போது பக்கத்தில் வந்தார்.

“மோட்டாரை ஈரத்துல வெக்காத” என்றார். கொஞ்சம் நிறுத்தினார். “மத்ததெல்லாம் உன்ற இஷ்டம்.”

பாலம் வரைக்கும் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வெக்காத என்று சொன்னார். அத்தனை வருஷத்தில் அவர் என்னை ஒன்று செய்யாதே என்று சொன்னது அதுதான்.

கடையை இடிக்க வருவதற்கு முன்பே அவர் காலி செய்துவிட்டார். யாரும் வந்து எழுப்பும்வரை உட்கார்ந்திருக்கவில்லை. அது அவர் குணமும் இல்லை. ஜலகண்டாபுரத்தில், ஆறு எட்டிப்பார்க்காத ஒரு சந்தில், கடை போட்டிருக்கிறார் என்று அவருக்குச் செம்புக்கம்பி விற்கும் கம்பிக்காரர் சொன்னார். போகவேண்டும் போகவேண்டும் என்று நினைப்பேன். பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய் வந்துவிடலாம். என்ன கேட்பதற்கு வந்தாய் என்று கேட்டால்? கேட்க ஒன்றும் இல்லை, பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு நல்ல கேள்வி கிடைக்கட்டும் என்று தள்ளிப்போட்டேன். போன தை மாதம் அதே கம்பிக்காரர்தான், நெஞ்சுவலி என்று படுத்த அக்கா எழவில்லை என்று சொன்னார். காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

இப்போதும் மேட்டூர் நிறைகிறது. இப்போதும் ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போகிறார்கள், எங்களுக்கு இல்லை, ஆற்றோரம் மிச்சமிருக்கிறவர்களுக்கு. நாங்கள் மேட்டில் பத்திரமாக இருக்கிறோம். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, மாடியில் வற்றல் காயப்போடக்கூடாது, இத்தனை மணிக்குத் தண்ணீர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எல்லாம் பலகையில் எழுதியிருக்கிறது. நான் கேட்காமலே எனக்கு எல்லாம் சொல்லப்படுகிறது. சின்ன வயதிலிருந்து நான் ஆசைப்பட்டது இதுதான். சில நாள் அந்தப் பலகையின் முன்னால் நின்றுகொண்டிருப்பேன். காதுக்குள் மட்டும் அக்காவின் ரேடியோவில் ஏதோ பாட்டு ஏறிக்கொண்டிருக்கும்.

போன வாரம் பட்டறையில் ஒரு மோட்டார் புகைந்து நின்றது. ஊதா இழை கட்டிய மோட்டார். அக்கா கட்டிய காயில் அத்தனை வருஷம் ஓடியிருக்கிறது. சங்ககிரி ரோட்டில் புதிதாகக் கடை வைத்திருக்கும் பையனிடம் கொண்டுபோனேன். மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவித் தரையில் போட்டான். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: பழைய செம்பைக் கடைக்காரரே எடுத்துக்கொண்டு கூலியில் கழித்துக்கொள்வார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

“பழசைக் கழிச்சுக்கட்டுங்களா, நீங்களே எடுத்துக்கறீங்களா?” என்று கேட்டான். நான் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, “உங்க இஷ்டமுங்க” என்றான்.

“எடுத்துக்கறேன்” என்றேன். யாரையும் கேட்கவில்லை.

“ஏனுங்க, இந்தக் கரிக்கம்பிய எதுக்குக் கொண்டாந்தீங்க? கழிச்சிருந்தா காசாச்சும் மிஞ்சியிருக்கும்” என்றாள் மனைவி. நான் பதில் சொல்லாமல், ஊதா இழையோடு சேர்த்து அதைத் துணியில் சுற்றி, அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். ஓதம் ஏறாத இடம்தான் அது. இருந்தாலும் கையால் ஒருமுறை சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.